இணைப்பில் இருப்பவள்

தங்கையை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் பெரியவள்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

மழை விட்ட காலை. பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தால் ஒரு மருந்துக் கடை. அதன் மேலே, மூன்றாவது மாடியில் அந்தக் கால் சென்டர். படிக்கட்டு முழுக்க ஈரக் குடை வாடை.

"உள்ள ஏசி குளிரும். ஸ்வெட்டர் எடுத்தியா?"

"எடுத்தேன். நீ அம்மாவை விட மோசம்க்கா" என்றாள் சின்னவள்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள். வெளியே வெயிலா மழையா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினால் மக்கள் கூப்பிடும் இடம் அது. வரிசை வரிசையாகத் தலைகள், தலைக்கொரு ஹெட்செட். கூரை விளக்கின் ரீங்காரத்தோடு ஒரே பணிவான குரல் அறை முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வாய்கள் பல, குரல் ஒன்று.

பெரியவள் வழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தாள். டீம் லீடருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். வைத்தவன் யாரென்று யாரும் சொல்ல மாட்டார்கள். வைத்தவன் இப்போது வேலையில் இல்லை. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப்வாட்சின் குரல் நம் காதுக்குள் வரும். எதிர்முனைக்குக் கேட்காது. 'இழுக்காதே, முடி' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எத்தனை சீக்கிரம் முடிக்கிறோமோ அத்தனை நல்ல சராசரி. ஆனால் போனை நாமாகத் துண்டிக்கக் கூடாது. வாடிக்கையாளர்தான் வைக்க வேண்டும். துண்டித்தால் அன்றோடு வீட்டுக்கு.

"பாத்ரூம்?"

"வரிசைக்கு ஒரு சிவப்பு அட்டை. அட்டை யார் கையில இருக்கோ அவங்க போகலாம். திரும்பி வந்து அடுத்தவங்க கையில குடுக்கணும்."

"அவசரம்னா?"

"வேண்டிக்க வேண்டியதுதான்."

சின்னவள் சிரித்தாள். பிறகு அவள் பார்வை மூலையில் நின்றது.

அங்கே தனியாக ஒரு மேசை. உயரமான முதுகு வைத்த நாற்காலி. கொக்கியில் பழைய மாடல் ஹெட்செட் ஒன்று, கனமானது, காது வைக்கும் ஸ்பாஞ்ச் தேய்ந்து பளபளத்தது. அந்த நேரத்தில் யாரும் இல்லை.

"அது யாருது?"

"சராசரியில முதல்ல வர்றவங்களுது. மகாராணி சீட். அவங்களுக்குன்னு தனி அட்டை. யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். கோபக்கார கஸ்டமர் 'மேலதிகாரிகிட்ட குடு'ன்னு கத்தினா கால் அங்கதான் போகும்."

அதைச் சொல்லும்போது பெரியவளின் பார்வையும் அங்கேயே நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ முறை இரண்டாவதாக வந்தும், ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் தொண்டை மிட்டாய். எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பதால் அந்தப் பெண்மணிக்கு மிட்டாயக்கா என்று பேர். அவளுக்குக் குரல் கிடையாது, காற்று மட்டும் வரும். அதனால் மின்னஞ்சல் பார்க்கும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள்.

"அந்த சீட்டைப் பார்க்காதே, கண்ணு" என்றது அந்தக் காற்று.

சின்னவள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். பார்ப்பதை நிறுத்தவில்லை.

சின்னவளுக்குப் பேச்சு ஒரு வரம். திட்டிக்கொண்டே வருபவர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்கள். சுவரிலிருந்த பெரிய திரையில் அவள் பெயர் வாராவாரம் மேலே ஏறியது. பெரியவளுக்குக் கீழே இருந்தது, பக்கத்தில் வந்தது, ஒரு திங்கள்கிழமை தாண்டிப் போனது.

ஸ்டாப்வாட்ச் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். கொக்கியிலிருந்து அந்தக் கனமான ஹெட்செட்டை எடுத்து, கிரீடம் வைப்பதுபோல் சின்னவள் தலையில் வைத்தார். அறை கைதட்டியது. பெரியவளும் தட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

உள்ளங்கை எரிந்தது. அதை விட வயிறு எரிந்தது.

"அக்கா" என்று சின்னவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். "இது சூடா இருக்கு."

"ஏசியில உக்காந்து எங்களுக்குக் குளிருது, நீ சூடா இருக்குங்கறே. குடுத்து வச்சவ" என்றாள் பெரியவள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகம் பூட்டியிருந்தது. அந்த ஹெட்செட் எப்படிச் சூடாக இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சின்னவள் வருவதில்லை. பெரியவள் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள். பெரிய ஆளாயிட்டா, நம்மோடு உட்காருவாளா. மாலையில் பேருந்தில் பேச்சில்லை. குரலைக்கூடச் சேமித்து வைக்கிறாள், நமக்கெல்லாம் செலவு பண்ணுவாளா. வேலை முடிந்தும் ஸ்டாப்வாட்ச் அவளை மட்டும் நிறுத்தி வைத்தார். அவளில்லாமல் அவருக்கு ஓடாது, நம்மை யார் தேடுகிறார்கள்.

ஒவ்வொன்றும் அவளுக்குப் பெருமையாகவே தெரிந்தது. தனக்குக் கிடைக்காத பெருமையாக.

வீட்டில் அம்மா தட்டை வைத்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி. எலும்பா ஆயிட்டே."

சின்னவள் நிமிர்ந்தாள். புன்னகைத்தாள். "தங்கள் கருத்துக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி தேவையா?"

அம்மா முழித்தாள். அப்பா செய்தித்தாளை இறக்கினார்.

"என்னடி, எங்ககிட்டயே ஆபீஸ் பாஷை பேசறே" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பினாள். "எப்படியோ, நீ இத்தனை நாளா முட்டி மோதினதை இவ வந்த வேகத்துல சாதிச்சுட்டா."

பெரியவள் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் கசந்தது.

ஒரு மதியம், வரிசையின் சிவப்பு அட்டை வேறொருத்தியோடு போய் வெகுநேரம் திரும்பவில்லை. பெரியவளால் பொறுக்க முடியவில்லை. மகாராணியிடம்தான் தனி அட்டை இருக்கிறதே, கேட்டால் என்ன, கூடப் பிறந்தவள்தானே. மூலைக்கு நடந்தாள்.

அட்டை மேசை ஓரத்தில் கிடந்தது. எடுத்தாள். விரலில் ஏதோ ஒட்டியது.

தூசி.

அட்டை கிடந்த இடத்தில் மேசை சுத்தமாக, செவ்வகமாகத் தெரிந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. சின்னவள் இங்கே வந்து உட்கார்ந்த நாளிலிருந்து இந்த அட்டையை யாரும் தொட்டதே இல்லை.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில். மூடி திறக்கப்படாமல் இருந்தது.

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு, பொறாமையில்லாத ஒரு கணத்தில், நேராகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்து, வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

அந்த உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. போனில் பச்சை விளக்கு எரியவில்லை. லைனில் கஸ்டமர் யாரும் இல்லை.

"யார்கிட்டடி பேசறே?"

சின்னவள் ஒரு விரலை உயர்த்தினாள். பொறு என்பதுபோல. பெரியவள் குனிந்து, தேய்ந்த ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். அடைத்த வீட்டின் வாடை வந்தது. பழைய மூச்சின் வாடை.

"...அடுத்து வர்றவருக்கு மெஷின் மேல கோபம் இல்ல. மருமகன் மேல. அவரைக் கொஞ்சம் புலம்ப விடு, தானா வச்சிடுவாரு..."

பெண் குரல். தேனில் நனைத்த மாதிரி.

"...உங்கக்கா வந்திருக்கா. அட்டை கேட்க வந்தா. உன் நாற்காலியைப் பார்க்கறா பாரு."

பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள். காதுக்குள் வரும் வசதி ஒரே ஒருவரிடம்தான் உண்டு. தேடினாள்.

ஸ்டாப்வாட்ச் காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய ஹெட்செட் கழுத்தில் தொங்கியது.

அவரிடமே போய்க் கேட்டாள். "சார், மூலை சீட்ல யாரு சார் காதுக்குள்ள வர்றது?"

அவர் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. "நான் அந்த லைனுக்குள்ள போறது இல்லம்மா."

"அப்ப யாரு?"

"ஒரு தடவை போனேன். ஏற்கனவே ஒருத்தர் பேசிட்டு இருந்தாங்க." காபியை ஊதினார். "அந்த சீட்டோட நம்பரைப் பார்த்தியா? நல்லா வர்ற நம்பரை நோண்டக் கூடாது. போ, உன் லைன் காத்திருக்கு."

சொல்லும்போது அவர் மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. பயந்துகொண்டேதான் அந்த சீட்டை வைத்திருக்கிறார்.

மிட்டாயக்காவைப் படிக்கட்டில் பிடித்து, அந்தக் குரலைப் பற்றிக் கேட்டாள். அவள் சொன்னது எல்லாமே காற்றாக வந்தது.

"அந்த ஹெட்செட்டுக்குச் சொந்தக்காரி. அவதான் அங்க ரொம்ப நாளா முதல்ல வந்தவ. எழுந்தா எவளாவது முந்திடுவான்னு எழுந்திரிக்கவே மாட்டா. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்னு தண்ணியும் குடிக்க மாட்டா. ஒரு வாரம் என் நம்பர் ஏறிப் போச்சு. அவளை எழுப்பிட்டு என்னை உக்கார வச்சாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அவளும் தட்டினா."

"அப்புறம்?"

"இதோ, இந்தப் படியில வந்து உக்காந்தா. எழுந்திரிக்கல. உடம்புல சொட்டுத் தண்ணி இல்லைன்னு டாக்டர் சொன்னாராம். சாயந்திரம் வரைக்கும் நாங்க கால் எடுத்துட்டுதான் இருந்தோம், கண்ணு. யாரும் நிறுத்தச் சொல்லல."

பெரியவள் தான் நின்ற படியிலிருந்து ஒரு படி இறங்கினாள்.

"மறுநாள் அவ ஹெட்செட்டை மாட்டினேன். ஒரே நாள். எல்லாம் சொல்லிக்குடுத்தா, தங்கமாப் பேசினா. சாயந்திரம் கழட்டும்போது என் குரல் அவகிட்டயே நின்னுடுச்சு." மிட்டாயக்கா தன் தொண்டையைத் தொட்டாள். "உன் தங்கச்சி ஒரு நாளா உக்காந்திருக்கா?"

அன்று மாலை வீட்டில் பெரியவள் கெஞ்சினாள். வேலையை விடு, நாளைக்கே விடு. சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாயைத் திறந்தாள். குரல் பாதி இல்லை. இருந்த பாதி அவளுடையதும் இல்லை.

"உனக்குப் பொறாமை."

 சொன்னது பொய்யாக இருந்தால்தானே மறுப்பது.

அவளை எப்படி எழுப்புவது என்பதுதான் அன்றிரவு முழுக்க அரித்தது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தால் வேறொன்றை மாட்டிக்கொள்வாள். கையைப் பிடித்து இழுத்தால் செக்யூரிட்டி நம்மைத்தான் வெளியே தள்ளுவான். நாற்காலி தானாகக் கைவிட்டால்தான் உண்டு. நாற்காலி எப்போது கைவிடும்? சராசரி விழுந்தால். சராசரி எப்போது விழும்?

விடிந்ததும் உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினாள். சின்னவள் பேருந்து ஏறிப் போன பிறகு அடுத்த பேருந்தில் கிளம்பி, கால் சென்டருக்கு எதிர்ப்பக்கம் இருந்த நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பையில் பவர் பேங்க். நல்ல வெயில். மருந்துக் கடைக்காரர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கைபேசியை எடுத்து, தான் தினமும் பதில் சொல்லும் அதே எண்ணைக் கூப்பிட்டாள்.

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்றது பதிவுக் குரல். அதன்பின் இசை, மறுபடி இசை. கடைசியில் அவள் வரிசைக்காரி ஒருத்தி எடுத்தாள். பெரியவள் குரலை மாற்றிக்கொண்டு கத்தினாள். "உன்கிட்டப் பேச முடியாது. மேலதிகாரிகிட்ட குடு."

கிளிக்.

"வணக்கம். தங்கள் மெஷினில் என்ன பிரச்சினை?" சின்னவள்தான், ஆனால் வழவழவென்ற குரல். தேன்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. என் தங்கச்சியைக் காணோம்."

பெரியவள் இடைவெளி விடவில்லை.

"அடையாளம் சொல்றேன், குறிச்சுக்கோங்க. வாய் நிறைய சோத்தை வச்சுக்கிட்டு சிரிப்பா. போர்வையை மொத்தமா இழுத்துக்குவா, கேட்டா தூக்கத்துல தெரியலம்பா. நாயைக் கண்டா என் முதுகுக்குப் பின்னாடி ஒளிவா, அது குட்டி நாயா இருந்தாலும்."

"தங்கள் பொறுமைக்கு நன்றி. வேறு ஏதாவது..."

"இருக்கு. நிறைய இருக்கு. நான் வைக்கப் போறதில்ல."

பேசினாள். சின்ன வயதில் இருவரும் ஒரே செருப்புக்குச் சண்டை போட்டது. அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டது. வீட்டில் பூனையே கிடையாது என்பது பிறகுதான் நினைவு வந்தது. வெயில் ஏறியது. பேருந்துகள் வந்து நின்று போயின. கைபேசி கொதித்தது. பவர் பேங்கைச் செருகிவிட்டுத் தொடர்ந்தாள். தொண்டை வறண்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அப்போதுதான் அது கேட்டது.

"இழுக்கறா. முடி."

கஸ்டமருக்குக் கேட்கக் கூடாத குரல். அவளுக்குக் கேட்டது.

வெயிலில் உட்கார்ந்திருந்தவள் பையை மடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நீ ஜெயிச்சது அவளுக்குப் பொறுக்கல. கேட்டுப் பாரு."

 பிறகு சின்னவள் குரல், திக்கித் திணறி, எழுதி வைத்த வாசகத்தை விட்டு முதல் முறையாக வெளியே வந்தது. "நீங்க... பொறாமைப்படறீங்களா?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா. நீ உக்காந்தப்போ கைதட்டினேன் பாரு, கை எரிஞ்சுது. நீ வராம இருந்திருந்தா எனக்குன்னு நினைச்சேன். இப்பவும் நினைக்கறேன், போயேன். அதுக்காக நீ அங்க காய்ஞ்சு சாகறதைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேனா? தண்ணி குடிடி. முன்னாடி பாட்டில் இருக்கு. மூடியைத் திற."

எதிர்முனையில் பின்னணியில் காலடிச் சத்தம். ஸ்டாப்வாட்சின் குரல், பதற்றமாக. "சராசரி என்னாச்சு? திரையைப் பாரு, கடைசிக்குப் போயிட்டே. அந்தக் கால் போதும், முடி."

"முடிக்க முடியாது, சார்."

கரகரத்த, உடைந்த குரல். ஆனால் அது அவளுடைய குரல்.

"நாம துண்டிக்கக் கூடாது, சார். ரூல்."

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எழுந்திரு. இடத்தைக் காலி பண்ணு" என்றார் ஸ்டாப்வாட்ச்.

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. ஹெட்செட் மேசையில் விழுந்த சத்தம் காதைப் பிளந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

இல்லை.

யாரோ மூச்சு விட்டார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மெதுவாக அதில் உட்காருவதுபோல.

எதிரே கட்டட வாசலில் சின்னவள் தெரிந்தாள். வெயிலுக்குக் கண் கூசி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அந்தத் தண்ணீர் பாட்டில், பாதி காலியாக. பெரியவள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாலையின் குறுக்கே ஓடினாள்.

வீட்டில் அம்மா திட்டவில்லை. அப்பா மருத்துவரை அழைத்து வந்தார். சின்னவள் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தாள், சாப்பிட்டாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு ஒருமுறை சிரிக்கவும் செய்தாள். குரல் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். இனி இருவரும் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவானது. சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மஞ்சள் வெயில் சமையலறைக்குள் விழுந்திருந்த நேரம். பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அம்மா, தூங்குகிற மகளின் தலையைக் கோதியபடி அப்பாவிடம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"பாவம். எவ்வளவு திறமை இவளுக்கு. பெரியவளுக்கு இதுல பாதி இருந்திருந்தாக்கூட..."

பெரியவளின் கை நின்றது.

அலமாரிக் கொக்கியில் மாட்டியிருந்த பை அசைந்தது. அசைந்ததா என்று நிச்சயமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டாள். கைபேசி சூடாக இருந்தது.

திரையில் அந்த எண். அதன் கீழே, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது நேரம்.

அவர்கள் துண்டிக்க மாட்டார்கள். அவளும் துண்டிக்கவில்லை.

சிவப்புப் பொத்தானுக்கு மேல் கட்டை விரலைக் கொண்டுபோனாள். அழுத்தியிருக்கலாம். ஒரு நொடி வேலை.

காதில் வைத்தாள்.

"இவ்வளவு நேரம் இணைப்பில் இருந்ததற்கு நன்றி" என்றது தேன் குரல். நடுவில் எங்கோ, மெல்லிய நூலாக, அதில் தங்கையின் குரலும் பின்னியிருந்தது. "சீட் காலியா இருக்கு. உன்னை மாதிரி பேசறவளை நான் கேட்டதே இல்ல. அந்த நாற்காலி முதல்லயிருந்தே உனக்குத்தான். அவளை விட நீ நல்லா பேசறே."

உள்ளறையில் அம்மா இன்னும் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் கதவைச் சாத்தினாள். கைபேசியைக் காதோடு அழுத்தி, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அவளை விடவா?"